மகான் மோதிரமும் துருப்பிடித்த குடையும்

வியாபாரம் படுத்துவிட்டதா? சரக்கைச் சோதிக்காதீர்கள். விலையைப் பார்க்காதீர்கள். பிராண்டு மகானைப் பாருங்கள்! பெயருக்கு உயிர் கொடுப்பார், லோகோவுக்குக் கண் திறப்பார். அப்புறம் செங்கல்லைப் பொட்டலம் கட்டி வைத்தாலும் சனம் அடித்துப் பிடித்துக்கொண்டு வாங்கும்.

நகரம் முழுக்க இதே பேச்சு. அன்று காலை குடைக் கம்பெனியின் கூட்ட அறையில் நிற்க இடமில்லை. செருப்புக் கடைக்காரர் வந்திருந்தார். பிஸ்கட் ஆலைக்காரர் வந்திருந்தார். சவப்பெட்டி செய்பவர்கூட முன்வரிசையில் உட்கார்ந்து, "என் வாடிக்கையாளருங்க திரும்பத் திரும்ப வரணும் சாமி" என்று கேட்டார். மகான் கண்ணை மூடி, "வருவாங்க" என்றார். ஒருவருக்காவது சிரிப்பு வர வேண்டுமே! அதுதானய்யா பக்தி.

மகான் கோட்டும் டையும் அணிந்திருந்தார். காலில் மட்டும் ஒன்றுமில்லை. செருப்புப் போட்டால் பூமியிலிருந்து பிராண்டு அலை ஏறாதாம்.

அவரை அழைத்துவந்தது முதலாளியின் மச்சான். அந்தக் கம்பெனியின் விற்பனை மேலாளர் அவர்தான். விற்பனை ஏன் சரிந்தது என்று முதலாளி கேட்கும்போதெல்லாம் முழித்துக்கொண்டிருந்தவருக்கு மகான் தெய்வமாகக் கிடைத்தார்.

மகான் ஒருமுறை கம்பெனியைச் சுற்றிவந்து நோயைக் கண்டுபிடித்துவிட்டார். வாசலை ஒட்டிய ரிப்பேர் கவுண்ட்டர்தான் அது.

"உடைஞ்ச பொருள் நுழையற இடத்துல பிராண்டு தங்காது. அதை மூடிடுங்க. அந்த ரூம்ல நானே உக்காந்து மாசாமாசம் சக்தி ஏத்தறேன்" என்றார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். இந்த ஓநாய் கையில் குடை வேறு.

அந்தக் கவுண்ட்டரில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருப்பவர் கம்பியக்கா. குடைக்கம்பி உடைந்தால் இலவசமாக மாற்றிக் கொடுப்பார். எதிரிக் கம்பெனிக் குடையைக் கொண்டுவந்தாலும் திருப்பி அனுப்பமாட்டார். மச்சானுக்கு அதைப் பார்த்தாலே வயிறு எரியும். இப்போது கவுண்ட்டரை மூடி அக்காவை வீட்டுக்கு அனுப்பும் கடிதம் தயார். மகான் தன் சக்தியை நிரூபித்ததும் முதலாளி கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

மேசைமேல் பத்துக் குடைகளை வரிசையாகப் படுக்க வைத்தார்கள். ஒன்பது சாதாரணம். ஒன்று, மகான் தன் இடத்துக்குக் கொண்டுபோய் ஒரு வாரம் சக்தி ஏற்றியது. பிஸ்கட் ஆலைக்காரரின் கண்ணைக் கட்டினார்கள். மகான் தன் மோதிரத்தைக் கழற்றி அவர் விரலில் மாட்டினார். குடைக் கைப்பிடிகளுக்கு மேலே கையை மெல்ல நகர்த்திக்கொண்டே போனவர், ஓரிடத்தில் அலறினார்.

"இழுக்குது! கை தானா இழுக்குதுய்யா!"

பார்த்தால், அதே சக்திக் குடை. அடுத்து செருப்புக் கடைக்காரர். அதே குடை. சவப்பெட்டிக்காரருக்குக் கண்ணீரே வந்துவிட்டது. "சனம் இப்படித்தான் உங்க சரக்கைத் தேடி வரும்" என்றார் மகான். முதலாளி பேனா மூடியைத் திறந்தார்.

"முதலாளி, ஒரு நிமிஷம்." கம்பியக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து சக்திக் குடையைக் கையில் எடுத்தார். "கைப்பிடி கனக்குதே?"

"சக்தியோட எடை தாயே அது!" என்றார் மகான். கூட்டம் ஆகா என்றது.

அக்கா வாதாடவில்லை. "சரிங்க. கடைசியா மேனேஜர் சார் ஒரு தடவை எடுக்கட்டும். குடையை நான் அடுக்கறேன். சாமி கண்ணையும் கட்டிடலாம். சாமிதான் கண்ணில்லாமலே எல்லாம் பாக்கறவராச்சே!"

மகான் விழித்தார். மாட்டேன் என்றால் மானம் போகும். கட்டிக்கொண்டார். மச்சானும் கட்டிக்கொண்டு மோதிரத்தைப் போட்டுக்கொண்டார். அக்கா சக்திக் குடையை எடுத்து மேசைக்கு அடியில் வைத்துவிட்டு, கவுண்ட்டரிலிருந்து ஒரு குடையைக் கொண்டுவந்து அதே வரிசையில் வைத்தார். உதட்டில் விரலை வைத்துக் கூட்டத்துக்குச் சைகை காட்டினார்.

மச்சான் கை நகர்ந்தது. நின்றது. "அடேயப்பா! இதுதான்! என்னா இழுப்பு! பிராண்டுன்னா இதுதான்யா!"

"அது என் சக்தி! விரிச்சுக் காட்டுப்பா!" என்று கண்கட்டோடு முழங்கினார் மகான்.

மச்சான் விரித்தார். தலையெல்லாம் துரு கொட்டியது. கட்டை அவிழ்த்துப் பார்த்தால், கையில் கிழிந்துபோன இரும்புக் குடை. எதிரிக் கம்பெனி முத்திரையோடு!

சிரிப்பில் கூரை பறந்தது. மகானும் தன் கண்கட்டை அவிழ்த்துப் பார்த்தார். ஆனாலும் அசரவில்லை. "நம்பிக்கை இல்லாதவங்க கை பட்டதால சக்தி இடம் மாறிடுச்சு!"

"மாறட்டும். இப்ப மோதிரம் இல்லாம எடுக்கச் சொல்லுங்க" என்ற அக்கா, மச்சான் விரலருகே தன் கத்தரிக்கோலை நீட்டினார். டக்! மோதிரத்தில் ஒட்டிக்கொண்டது.

"காந்தம்" என்றார் அக்கா. "நம்ம குடைக்குத் தண்டு அலுமினியம், கம்பி ஃபைபர். பொட்டு இரும்பு கிடையாது, துருவே பிடிக்காதுன்னு சொல்லித்தானே விக்கறோம்? அப்புறம் இது எங்கிருந்து வந்துச்சு?" சக்திக் குடையின் கைப்பிடியைத் திருகினார். விரல் தடிமனில் ஓர் இரும்புத் துண்டு மேசையில் விழுந்து உருண்டது.

எல்லோரும் திரும்பிப் பார்ப்பதற்குள் மகானைக் காணோம். வெறுங்காலோடு வந்ததில் ஒரு வசதி, செருப்பைத் தேட வேண்டியதில்லை.

அப்போது வாசலில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் எட்டிப் பார்த்தார். "அக்கா, என் குடை ரெடியா?" அவர் குடை மச்சான் கையில் விரிந்திருந்தது.

"இது எங்க குடை இல்லையே சார், இங்க ஏன் கொண்டாந்தீங்க?" என்று கேட்டார் முதலாளி.

"எங்க தெருவுல யார் குடை உடைஞ்சாலும் இங்கதாங்க வருவோம். அக்கா ஏமாத்தமாட்டாங்க. அடுத்த குடை இந்தக் கம்பெனியிலதான்னு வீட்ல அப்பவே சொல்லிட்டாங்க."

முதலாளிக்கு முகம் சுருங்கிவிட்டது. பிராண்டைத் தேடி அவர் எவன் எவன் காலிலோ விழுந்திருக்கிறார். அது இருபத்திரண்டு வருடமாக அவர் வாசலிலேயே திருப்புளியோடு உட்கார்ந்திருந்திருக்கிறது! கடிதத்தை நாலாகக் கிழித்தார். "மன்னிச்சிடுங்கம்மா" என்றார்.

"அது இருக்கட்டும் முதலாளி. கறுப்புத் துணி தீந்துபோச்சு, சொல்லி வைங்க" என்றபடி அக்கா வாத்தியார் குடையைத் தைக்க உட்கார்ந்தார்.

மகான் இப்போது பக்கத்து நகரத்தில் ஒரு பொத்தான் கம்பெனிக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருக்கிறாராம். அங்கும் நிற்க இடமில்லையாம். ஐயா, அம்மா! கண்ணை மூடு என்று எவனாவது சொன்னால் முதலில் அவன் கையைப் பாருங்கள். மூளை இனாமாகக் கிடைத்ததுதான். அதற்காக அதை உறை பிரிக்காமலேயே வைத்திருக்க வேண்டுமா?