முந்நூறு வருஷத்துச் சீனப் பெட்டி

காதலியின் வீட்டுக்கு முதன்முதலாகப் போகிறவன், சாப்பிடுவதற்கு மட்டும்தான் வாயைத் திறக்க வேண்டும். எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. (சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.)

நான் ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். எங்கள் வீட்டில் இருந்ததெல்லாம் இரும்பு பீரோவும் மடக்கு நாற்காலியும்தான். அண்ணனூரில் ஸ்டெல்லாவின் வீட்டிலோ டிராகன் செதுக்கிய சீனப் பெட்டி இருந்தது. கப்பலில் சமையல்காரராக இருந்து காலமான அவள் அப்பா, ஹாங்காங்கிலிருந்து கொண்டுவந்தது. அவள் அம்மாவை அசத்த அதுதான் வழி என்று முடிவுகட்டி, செல்போனில் வீடியோ பார்த்தே சீன மரச்சாமான் நிபுணன் ஆனேன்.

போனதும் பெட்டியைத் தடவினேன். முகர்ந்தேன்.

"கற்பூர மரம், ஆன்ட்டி."

அவர் முகம் மலர்ந்தது. "அவரும் அப்டித்தான் சொல்வாரு தம்பி. முந்நூறு வருஷத்துப் பொட்டியாம். ஏதோ ராஜா ஊட்டுதாம்."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். டார்ச்சோடு பெட்டிக்குள் தலையை விட்டேன். கீலில் ஸ்க்ரூ. அதன் தலையில் கூட்டல் குறி.

"ஆன்ட்டி, ராஜா காலத்துல ஸ்டார் ஸ்க்ரூவே கிடையாது! இது மிஞ்சிப்போனா அம்பது வருஷம்!"

கிணற்றுக்குள்ளிருந்து கத்தியதுபோல முழங்கியது. ஸ்டெல்லா என் காலை மிதித்தாள். பதறி நிமிர்ந்தேன். மூடி மண்டையில் விழுந்தது.

வெளியே வந்தபோது ஆன்ட்டி சிரிக்கவில்லை. பெட்டிமேல் கையை வைத்தபடி நின்றார்.

"பொய்னு எனக்கும் தெரியும் தம்பி. லீவுல வந்தா, யார் வந்தாலும் இத்தத் தொறந்து காட்டி அந்தக் கதைய எடுத்துடுவாரு. ஒவ்வொரு வாட்டியும் வேற ராஜா. இன்னொரு வாட்டி சொல்ல மாட்டாரான்னு ஏங்கிக்கினு கீறேன்."

டார்ச்சை அணைத்துப் பாக்கெட்டில் போட்டேன்.

எப்படியோ கல்யாணம் நடந்தது. பிறகுதான் படித்தேன்: பழைய பெட்டிக்குக் கீலை மாற்றுவதுண்டு, ஒரு ஸ்க்ரூவை வைத்து வயது சொல்லக் கூடாது. யார் கேட்கிறார்கள்? சொந்தத்தில் எனக்கு 'ஸ்க்ரூ மாப்பிள்ளை' என்றே பெயர். மகள் பிறந்தபோது மைத்துனன் தொட்டிலருகே டார்ச்சை நீட்டி, "மாமா, பாத்து வயசு சொல்லு" என்றான்.

கிறிஸ்துமஸுக்கு எல்லோரும் கூடும்போது அத்தை பெட்டியைத் திறந்துவைத்து என்னைக் கூப்பிடுவார்.

"சொல்லுங்க மாப்ள, இது எந்த ராஜாவுது?"

வாயில் வந்த பெயரில் ஒரு ராஜாவை உண்டாக்கி, முந்நூறு வருஷம் என்று அடித்துவிடுவேன். வீடே சிரிக்கும். அத்தையும் சிரிப்பார். பிறகு மூடியை மெல்ல இறக்கிக்கொண்டே சொல்வார்:

"நல்லாத்தான் சொல்றீங்க. ஆனா அவரு சொல்ற மாரி வரல."