நாலாவது ஆள்

ஆர்.கே. புரம், புது டில்லி
18-2-2001

மதிப்பிற்குரிய மைத்துனர் சங்கரநாராயணன் அவர்களுக்கு, சிவஞானம் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. பாளையங்கோட்டையில் தாங்களும் வீட்டில் அனைவரும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே நான் சௌக்கியம், தங்கள் தங்கை விசாலாட்சி சௌக்கியம், மகள் ஸ்வப்னா சௌக்கியம், மூன்றாவது மாடியில் நாங்கள் குடியிருக்கும் அரசாங்க வீடும் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

தங்கள் கடிதம் கிடைத்தது. குஜராத்தில் வந்த பூகம்பம் டில்லி வரை ஆட்டிவிட்டது, ரயிலுக்குப் புறப்பட்டாலே பூட்டை இழுத்துப் பார்க்கப் பாதி வழியில் திரும்பி ஓடுகிற மனிதர் ஆபத்துக் காலத்தில் என் தங்கையை எப்படி வெளியே கொண்டுவந்து சேர்ப்பார், ஆகையால் மாசி முடிவதற்குள் நானே வந்து அவளைக் கூட்டிப்போகிறேன், பூமி அடங்கியதும் திருப்பி அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். பூமி எப்போது அடங்கும் என்று எழுதவில்லை. விசாலாட்சி அதை வாசித்துவிட்டு, பீரோ மேலிருந்த பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தாள். சாப்பாட்டுக்கு என்ன செய்வேன் என்பதல்ல என் கவலை, ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் எல்லாம் கிடைக்கிறது. அவள் இல்லாத வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளாது, அவ்வளவுதான். அந்தப் பெட்டியை மறுபடி பீரோ மேல் ஏற்றியே தீருவதென்று அன்றைக்கே முடிவு கட்டினேன். இன்று ஏறிவிட்டது. ஆகவே தாங்கள் சிரமப்பட்டு வர வேண்டியதில்லை. விவரம் எழுதுகிறேன்.

முதல் காரியமாக ஒரு பையில் டார்ச், தண்ணீர் பாட்டில், பிஸ்கட், என் பிரஷர் மாத்திரை, ரேஷன் கார்டு எல்லாம் போட்டு வாசல் ஆணியில் மாட்டினேன். பிறகு ஒத்திகை வைத்தேன். நான் கையைத் தட்டியதும் மூவரும் போட்டது போட்டபடி கீழே இறங்கிவிட வேண்டும். தட்டினேன். ஸ்வப்னா, “சலோ சலோ, அம்மா, ஜல்தி” என்று செருப்புக் கூடப் போடாமல் ஓடினாள். தங்கள் தங்கை நிலைப்படியில் கல்லாக நின்றுவிட்டாள். “மூணு பேராப் போகப்பிடாது” என்றாள். “பூகம்பத்துக்கு அதெல்லாம் தெரியுமாளா?” என்றேன். “அதுக்குத் தெரியாட்டா என்ன, எனக்குத் தெரியும்லா” என்றாள். மூன்று பேர் சேர்ந்து ஒரு காரியத்துக்குப் புறப்பட்டால் நாலாவது ஆளாக ஒரு கல்லை எடுத்துக்கொள்வது தங்கள் வீட்டு வழக்கம், எங்கள் சம்பந்தம் பேசவே தாங்கள் சட்டைப் பையில் கூழாங்கல்லோடு வந்து இறங்கியவர், தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் மூன்றாவது மாடியில் கல்லுக்கு எங்கே போவது? ஸ்வப்னா என் பேப்பர் வெயிட்டை நீட்டினாள். அது கண்ணாடி, சேராது என்று தள்ளுபடி ஆனது. கடைசியில், கீழே இறங்குவதற்கு வேண்டிய கல்லை எடுத்துவர விசாலாட்சி கீழே இறங்கினாள், எடுத்துக்கொண்டு மேலே ஏறி வந்தாள், பிறகு நாங்கள் மூவரும் கல்லுமாகக் கீழே இறங்கினோம். ஒத்திகை முடிந்தபோது பருப்பு தீய்ந்திருந்தது.

மறுநாள் வேலைக்கு வந்த பூல்வதி அந்தக் கல்லைக் குப்பையோடு பெருக்கித் தள்ளிவிட்டாள். இன்னொன்று கொண்டுவந்தோம், அதுவும் போயிற்று. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை உதித்தது. தாங்கள் சீராகக் கொடுத்து, ஜி.டி. எக்ஸ்பிரஸில் கூலியாள் சபித்துக்கொண்டே ஏற்றிய அம்மி இருக்கிறதல்லவா, அதன் குழவியை யாரால் பெருக்கித் தள்ள முடியும்? அவசரத்தில் குனியாமல் எடுக்கும்படி அதை வாசலில் செருப்பு ஸ்டாண்டின் மேல் தட்டில் வைத்தேன். “உருண்டுரும்” என்றாள் விசாலாட்சி. இருபத்தெட்டு வருஷம் சென்ட்ரல் கவர்ன்மென்டில் பைல் அடுக்கியவனுக்கு ஒரு குழவியை வைக்கத் தெரியாதா என்று கேட்டு அவள் வாயை அடைத்தேன்.

இன்று காலை கண்ணாடி முன் நின்று ஒரு கன்னம் சவரம் செய்து முடித்திருந்தேன். தொம் என்று ஒரு சத்தம். தரை அதிர்ந்தது, அடுக்களையில் எவர்சில்வர் பாத்திரமெல்லாம் கலகலவென்றது. “பூகம்பம்” என்று கத்திக்கொண்டு கூடத்துக்கு வந்தால், விசாலாட்சி எனக்கு முன்னாலேயே வாசலில் குழவியைக் கையில் எடுத்துக்கொண்டு நிற்கிறாள். அந்தச் சுறுசுறுப்பை என்னவென்று சொல்வது. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், பேச நேரமில்லை என்று பையைத் தோளில் மாட்டி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினேன், அவள் மறு கையில் குழவியைப் பிள்ளை போல இடுப்பில் இடுக்கிக்கொண்டாள், ஸ்வப்னா முன்னால் “பூகம்ப், பூகம்ப்” என்று ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டே போனாள், பிளாக் முழுக்கக் காலியாகிப் பூங்காவில் வந்து நின்றது. மைத்துனரே, இதைக் கவனிக்க வேண்டும். நான் பூட்டவில்லை. பூட்டை இழுத்துப் பார்க்கத் திரும்பவும் இல்லை. கதவு திறந்தது திறந்தபடி கிடக்க, ஒரு கன்னத்தில் சோப்பு நுரையோடு நான் என் குடும்பத்தை வெளியே கொண்டுவந்து சேர்த்தேன்.

எங்களுக்கு நேர் கீழே குடியிருக்கும் சோப்ரா, “மேரீ சத் ஹில் கயீ, சிவஞானம்ஜி” என்று, தன் வீட்டுக் கூரையே ஆடிவிட்டதாகச் சொல்லி என் கையைப் பிடித்துக் கண்கலங்கினார். அவர் வீட்டில்தான் அதிர்ச்சி அதிகம். அடுத்த படிக்கட்டுக்காரர்களுக்கு ஒன்றும் தெரியவில்லையாம், எல்லோருக்கும் என் போல உடம்பு கூர்மையாக இருக்காது. குடியிருப்போர் சங்கத் தலைவர் அங்கேயே என்னைப் பிளாக்கின் பாதுகாப்புப் பொறுப்பாளராக நியமித்தார், கைதட்டினார்கள். டி.வி.யில் மட்டும் இதுவரை சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை, ஆபீசில் ஆட்கள் இருந்திருக்க மாட்டார்கள்.

விசாலாட்சி பிரமித்துப்போய் அதிகம் பேசவில்லை. மத்தியானம் நான் கேட்காமலேயே பெட்டியைத் தூக்கிப் பீரோ மேல் வைத்தாள். இனி தங்கள் தங்கையைப் பற்றித் தாங்கள் கவலைப்பட வேண்டாம். டிக்கெட் எடுத்திருந்தால் ரத்து செய்யவும். பெரியவர்களுக்கு எங்கள் நமஸ்காரம், சிறியவர்களுக்கு ஆசி, நெல்லையப்பர் எல்லோரையும் அவரவர் வீட்டிலேயே வைத்துக் காப்பாற்றட்டும்.

தங்கள் அன்புள்ள,
சிவஞானம்

பி.கு.: உறையை ஒட்டப் பசை கேட்டேன். விசாலாட்சி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “சொன்னாக் கோவப்படப்பிடாது. குழவி உருண்டு விழுந்துட்டு. எடுத்துட்டு நிமிருதேன், நீங்க கத்துதீய.” உறையைக் கீழே வைத்தேன். “பூங்காவுல வச்சாவது சொல்லியிருக்கலாம்லா?” என்றேன். “பூட்டக்கூடச் செய்யாம என் கையப் பிடிச்சுட்டு இறங்கினீய. எப்படிச் சொல்ல?” என்றாள். பெட்டி பீரோ மேலேயே இருக்கும் என்றும் சொன்னாள்.

சோப்ரா வீட்டுக் கூரையில் ஒரு சாண் காரை பெயர்ந்திருக்கிறது. அவருக்குத் தெரிய வேண்டாம். குழவி அம்மிக்கே போய்விட்டது, ஆனால் மூன்று பேராக இறங்க அவள் இன்னும் சம்மதிக்கவில்லை. ஆகவே டிக்கெட்டை ரத்து செய்யாமல் தாங்கள் அவசியம் புறப்பட்டு வரவும். கூட்டிப்போக அல்ல, நாலாவது ஆளாக. வாசல் பக்கமே கட்டில் போட்டுத் தருகிறேன்.