நான் எழுதிய கடைசி அரை நிமிடம்

அந்த அறை யாருக்கு என்பதை இன்றோடு தீர்த்துவிடுவது என்று சனிக்கிழமை காலை பல் துலக்கும்போதே முடிவு செய்தேன். வாய் நிறைய நுரையோடு எடுக்கிற முடிவுகளை எங்கள் வீட்டில் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. நுரையைத் துப்பிய பிறகுதான் பேச்சே ஆரம்பிக்கும்.

படுக்கையறையை விட்டால், எங்கள் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உட்காரக்கூடிய அறை ஒன்றே ஒன்று. அது என்னுடையது. நான் கல்லூரியில் கதைக் கோட்பாடு சொல்லிக்கொடுக்கிறேன். எனக்குக் கதை எழுத வராது; அடுத்தவர் எழுதிய கதை ஏன் அப்படி நடக்கிறது என்று மணிக்கணக்கில் சொல்வேன். என் மனைவி பாட்டு வீடியோக்களுக்கு எடிட்டர். பாடுகிறவர்கள் எடுத்து அனுப்புகிற துண்டு துண்டான காட்சிகளை வெட்டி ஒட்டி மூன்று நிமிடப் படமாக்குவாள். வீட்டிலிருந்தே வேலை. வீட்டில் எங்கிருந்து என்று நான் கேட்டதில்லை.

போன வாரம்தான் வெடித்தது.

"ஏங்க, எனக்கு அந்த ரூம் வேணும்."

"எதுக்கு?"

"வேலை செய்ய."

"நான் மட்டும் அங்க என்ன பண்றேன்?"

"அதைத்தான் பதினோரு வருஷமா நானும் யோசிக்கிறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த அறைக்குள் இருந்தால் நான் பேராசிரியர். ஹாலுக்கு வந்துவிட்டால் வழியில் உட்கார்ந்திருக்கிற ஆள். அதுவும் இரண்டு வாரத்தில் கருத்தரங்கம். என் கட்டுரையின் தலைப்பே 'பாட்டு வீடியோவில் கதையின் பாதை'. இந்த நேரத்தில் அறை போனால் மானமும் கூடவே போய்விடும்.

"பாட்டு வீடியோல என்னங்க கோட்பாடு? நாங்க வெட்டறோம், ஒட்டறோம்."

"உனக்கு வெட்டத் தெரியும். ஏன் வெட்டறேன்னு தெரியாது. கேளு. பாட்டுல பல்லவி மாறாம திரும்பத் திரும்ப வரும். ஆனா கதை முன்னால போயிட்டே இருக்கும். ஒவ்வொரு பல்லவிக்கும் படத்துல என்ன மாறியிருக்குன்னு பார்த்தா போதும். முடிவு தானா வந்து விழும்."

"முடிவைப் பாக்காமலே சொல்லிடுவீங்களா?"

"சொல்றதென்ன? எழுதிக் கையெழுத்தே போட்டுக் குடுப்பேன்!"

நாக்கு என்னுடையதுதான். ஆனால் அது எப்போதுமே அவள் பக்கம்.

"அப்ப பந்தயம்," என்றாள். "ஒரு வீடியோ போடறேன். கடைசி அரை நிமிஷத்தைக் காட்ட மாட்டேன். நீங்க எழுதின முடிவும் வீடியோ முடிவும் ஒண்ணா இருந்தா ரூம் உங்களுக்கு. இல்லன்னா எனக்கு."

நான் உள்ளுக்குள் குதித்தேன். இருபது வருஷமாக இதையே தின்று இதையே குடிக்கிறவனிடம் வந்து பந்தயம் கட்டுகிறாளே, பாவம்!

நடுவராகப் பக்கத்து வீட்டுப் பல் டாக்டரைக் கூப்பிட்டோம். நேர்மையான மனிதர் என்று அதுவரை நம்பியிருந்தேன்.

சனிக்கிழமை காலை பத்து மணி. சாப்பாட்டு மேஜையில் அவளுடைய லேப்டாப். நான் கையில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தேன். டாக்டர் எனக்கு எதிரே. படம் ஓடியது.

கறுப்பு வெள்ளை. ஓர் அறை. மேஜைக்கு முன்னால் பனியன் போட்ட ஒருவன், நமக்கு முதுகைக் காட்டியபடி உட்கார்ந்திருக்கிறான். திரும்பாமலே இடது கையை நீட்டுகிறான். அதில் ஒரு காபிக் கோப்பை வந்து உட்காருகிறது. குடிக்கிறான். திரும்பாமலே காலிக் கோப்பையை நீட்டுகிறான். ஒரு பெண்ணின் கை அதை வாங்கிக்கொள்கிறது. அவள் முகம் தெரியவில்லை. கையும் லேப்டாப்பும் மட்டும்தான். பின்னால் ஒரு ஆண் குரல் உருகி உருகிப் பாடுகிறது: "கொஞ்சம் நகர்ந்துக்கோ, நானும் இருக்கேன்."

முதல் பல்லவி. அவள் சாப்பாட்டு மேஜையில் வேலை செய்கிறாள். தட்டுகள் வந்து இறங்குகின்றன. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு எழுகிறாள்.

இரண்டாவது பல்லவி. அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடியே வேலை. திரையில் ஆவி படிகிறது. புடவைத் தலைப்பால் துடைக்கிறாள்.

மூன்றாவது பல்லவி. மாடிப்படியில் முகம் தெரியாமல் குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். மடியில் லேப்டாப், காதில் ஹெட்போன். குளித்துவிட்டு வருகிறான் அந்த ஆள்; அப்போதும் முதுகுதான் தெரிகிறது. போகிற போக்கில் ஈரத் துண்டை அவள் தலைமேலேயே போட்டுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறான்.

அதோடு படம் நின்றது. நான் ஆடிப்போய்விட்டேன்.

"அடப்பாவி! இப்படியும் ஒரு மனுஷனா!"

"ஏங்க, என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சா? தலைமேல துண்டு போடறான்மா! அவ ஆளா, கொடிக் கயிறா?"

"பழகிப் போயிருக்கும்."

"எப்படிம்மா பழகும்? ஒரு தடவைகூடத் திரும்பிப் பாக்கலையே படுபாவி! யாரு இவன், நடிகனா?"

"நடிப்பெல்லாம் வராதுங்க. இயல்பா இருந்தான், அப்படியே எடுத்துக்கிட்டோம்."

டாக்டருக்குத் திடீரென்று இருமல் வந்தது. தண்ணீர் கொடுத்தேன்.

"இவனுக்கெல்லாம் ஒரு பொண்டாட்டி!" என்றேன்.

"நல்லா சொல்லுங்க," என்றாள் மனைவி.

எட்டு முறை திரும்பத் திரும்பப் பார்த்தேன். பக்கம் பக்கமாக எழுதினேன். இடதுகைக்காரன் என்பதைக்கூட விடவில்லை. ஊரோடு ஒத்துப்போகாதவன் என்பதற்கு அது அடையாளம் என்று எழுதினேன். எழுதியதைத் தட்டச்சு செய்து, கருத்தரங்குக்காரர்களுக்கு அங்கேயே மின்னஞ்சலிலும் அனுப்பிவிட்டேன். முடிவைப் பார்ப்பதற்கு முன்னால் அனுப்பினால்தானே கோட்பாட்டுக்குக் கௌரவம்! பிறகு எழுந்து நின்று படித்தேன்.

"பல்லவிக்குப் பல்லவி அவளுக்கு இடம் சுருங்குகிறது. மேஜை, அடுப்படி, படிக்கட்டு. இனி அவள் போக அந்த அறையைத் தவிர வேறு இடமில்லை. எனவே நான்காவது பல்லவியில் அவன் தன் மேஜையைத் தானே தூக்கிக்கொண்டு வெளியே வருவான். அறை அவளுடையதாகும். வேறு எந்த முடிவும் இந்தக் கதைக்குச் செய்யும் துரோகம்."

கையெழுத்து. தேதி. சாட்சிக் கையெழுத்து டாக்டருடையது.

"பிரமாதம் சார்!" என்றார் அவர். கண்ணில் நீர். என் எழுத்துக்கு அப்படி ஒரு சக்தி என்று நினைத்துக்கொண்டேன்.

"போடும்மா முடிவை!"

திரை இருட்டாகவே இருந்தது.

"என்ன, ஓடலையா?"

"இன்னும் எடுக்கலையே," என்றாள்.

"யாரு எடுக்கல?"

"நாங்கதான். நானும் டாக்டரும். பாடினது அவர்தான்."

டாக்டர் வெட்கப்பட்டார். அவள் ஏதோ ஒரு பட்டனைத் தட்டினாள். கறுப்பு வெள்ளைக்கு வண்ணம் வந்தது. இன்னொன்றைத் தட்டினாள். கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலமாக இருந்த படம் நேராகத் திரும்பிக்கொண்டது. பச்சைச் சுவர் வந்தது. கதவில்லாத புத்தக அலமாரி வந்தது. இறக்கை வளைந்த மின்விசிறி வந்தது. இடது கை வலது கை ஆனது.

அது என் அறை. அது என் முதுகு.

ஐம்பத்திரண்டு வயதில் ஒரு மனிதன் தன் முதுகை முதல்முறையாகப் பார்த்தால் எப்படி இருக்கும்? பனியனில் தோளுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கிழிசல். அதைவிட, அந்தத் துண்டு! அது நான் போட்டதா? என்றைக்குப் போட்டேன்? ஞாபகமே இல்லை. அதுதான் குலையை நடுங்க வைத்தது. வெட்கமாக இருந்தது, உண்மையாகவே வெட்கமாக இருந்தது. வெட்கம் தாங்க முடியாமல் கத்த ஆரம்பித்தேன்.

"மோசடி! இது பச்சை மோசடி!"

"எது மோசடி? நீங்க எழுதினபடியே முடிவை எடுக்கறோம். எடுத்தா நீங்க ஜெயிச்சீங்க."

"ஜெயிச்சா ரூம் எனக்குத்தானே?"

"சத்தியமா உங்களுக்குத்தான்."

"அப்ப சரி."

டாக்டர் என் தோளில் கை வைத்தார். பல் பிடுங்குவதற்கு முன்னால் வைப்பாரே, அதே கை. "சார், முடிவு அப்படி எடுக்கணும்னா நீங்க மேஜையைத் தூக்கிக்கிட்டு வெளிய வரணுமே."

"வர மாட்டேன்!"

"அப்ப நீங்க எழுதினது தப்பு. பந்தயத்துல தோத்தீங்க. ரூம் தங்கச்சிக்கு."

நான் ஒரு நிமிடம் யோசித்தேன். இருபது வருஷக் கோட்பாடும் கூடவே உட்கார்ந்து யோசித்தது.

"சரி, படத்துக்காக வெளிய கொண்டு வர்றேன். எடுத்து முடிச்சதும் உள்ள வச்சுக்கறேன்."

"தாராளமா வச்சுக்குங்க," என்றாள் மனைவி. "ஆனா, 'வேறு எந்த முடிவும் துரோகம்'னு யாரோ ஒரு பேராசிரியர் கையெழுத்துப் போட்டு ஊர் பூரா அனுப்பியிருக்காராமே? அடுத்த வாரம் மேடையில நின்னு அதைப் படிச்சுட்டு, வீட்டுக்கு வந்து துரோகம் பண்ணுவாரா?"

டாக்டர் தலையை ஆட்டினார். "மறுக்க முடியலையே சார்."

மறுக்க முடியவில்லை. நான் மேஜையைத் தூக்கினேன். தேக்கு மேஜை. இழுப்பறைக்குள் பதினோரு வருஷக் குறிப்புகள். கதவு நிலையில் முழங்கை இடித்தது, இடுப்பு பிடித்துக்கொண்டது. டாக்டர் "கொஞ்சம் நகர்ந்துக்கோ" என்று பாடிக்கொண்டே எனக்கு வழிவிட்டார். அவள் கேமராவோடு பின்னாலேயே நடந்து வந்தாள். மாடிப்படிக்குக் கீழே, செருப்பு வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கினேன்.

அவள் எடுத்ததைப் போட்டுப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என் முழங்கையைப் பார்த்தாள். முகம் இளகியது.

"ஏங்க," என்றாள் மெதுவாக. "மேஜையை மறுபடி உள்ளயே கொண்டு போயிடுங்க."

வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. என்ன இருந்தாலும் என் மனைவி! அவளுக்கு மனசு வராது என்று எனக்குத் தெரியாதா? டாக்டர் கை கொடுக்க வந்தார். வேண்டாம் என்று விலக்கிவிட்டுத் தனியாகவே தூக்கிக்கொண்டு ஓடினேன். பழைய இடத்திலேயே போட்டேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்று அவள் பக்கம் திரும்பினேன்.

அவள் வாசலில் நின்று கேமராவைச் சரி செய்துகொண்டிருந்தாள்.

"ரெடியா? ரெண்டாவது டேக். ஃபிரேம் காலியா தெரியுது, இந்தத் தடவை அந்தப் புத்தக அலமாரியையும் சேர்த்து வெளிய கொண்டு வந்துடுங்க."