முதல் போடாத வியாபாரம்

காலை ஆறே காலுக்குக் கிடங்கில் ஓர் அண்டாகூட இல்லை.

சேவுகப்பெருமாள் விளக்கைப் போட்டு மறுபடி பார்த்தார். அண்டாக்கள் இருந்த இடத்தில் வட்ட வட்டமாகத் தூசி படியாத தரை தெரிந்தது. கிடாரங்கள் கவிழ்த்து வைக்கும் பலகை காலி. மூலையில் ஒரு ஜல்லிக்கரண்டி சாய்ந்து நின்றது. அதற்குக் கைப்பிடி ஆடும்.

"நல்ல சீசன்தான்," என்றார்.

"வாடகை வந்தா நல்ல சீசன்," என்றாள் அவர் மனைவி ரேணுகா.

"வரும். ஏழு நாள் கழிச்சு வரும்."

"எந்தக் கல்யாணம் ஏழு நாள் நடக்குது?"

நான்கு நாட்களுக்கு முன்பே அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

காரைக்குடி கருத்தையா பாத்திர வாடகை நிலையத்துக்கு முப்பத்தாறு வயது. கருத்தையா சேவுகப்பெருமாளின் அப்பா. போர்டில் அப்பாவின் படம், கீழே '1989 முதல்'. ஆன்லைனில் அதற்கு வயது நான்கு நாள்.

காரணம் கீழச்சிவல்பட்டிப் பெரிய வீடு. அந்த வீட்டுச் சிகப்பி ஆச்சி போன் செய்திருந்தார்.

"எங்க கல்யாணத்துல இருந்து உங்க வீட்டு ஆளுகதான் பாத்திரத்துக்கு. ஆனா இருபதாம் தேதி அறுபதாம் கல்யாணம் வருதுல்ல, பெங்களூர்ல இருந்து மகன் சொல்றான், போன்ல பாத்து புக் பண்ற எடத்துலதான் எடுக்கணுமாம். தேவகோட்டையில ஒருத்தர் அப்படி வச்சிருக்காராம்."

"நாங்களும் வச்சிருக்கோம் ஆச்சி," என்றார் சேவுகப்பெருமாள். வைத்திருக்கவில்லை.

"அப்படியா? அப்ப சரி. ஆறு பெரிய கிடாரம். பித்தளையில. எங்கன பாக்கணும்னு சொல்லுங்க."

ஒரு பெரிய வீடு தேவகோட்டைக்குப் போனால் ஒன்பது பெரிய வீடுகள் பின்னாலேயே போகும். அதற்குப் பிறகு கடை ஷட்டருக்கு எண்ணெய் போட வேண்டிய அவசியம் இருக்காது.

ரேணுகாவின் தம்பி சிவபிரகாஷ் அன்றே வரவழைக்கப்பட்டான். அவன் சென்னையில் ஐந்து கம்பெனிகளில் வேலை பார்த்தவன். ஐந்தும் இப்போது இல்லை. அதை அவன் அனுபவம் என்று சொல்வான்.

"ஆன்லைனுக்கு வர்றது பெரிய விஷயமில்ல மச்சான். எந்த மாடல்ல வர்றோம்ங்கிறதுதான் விஷயம்."

"வண்டியா வாங்கப் போறோம் மாப்பிள்ள?"

"பிசினஸ் மாடல். மொதல்ல ஆளுகளை உள்ள இழுக்கணும். ஏழு நாள் ஃப்ரீ. புடிச்சிருந்தா எட்டாம் நாள்ல இருந்து காசு."

ஆட்கள் உள்ளே வந்தார்கள். கல்யாணத்துக்கு எடுத்தார்கள், காதுகுத்துக்கு எடுத்தார்கள், கிடாவெட்டுக்கு எடுத்தார்கள். எல்லோருக்கும் பிடித்திருந்தது. எட்டாம் நாள் வரை தேவைப்படுகிற விசேஷம் ஒன்றுகூட இல்லை.

சிவபிரகாஷ் காலிக் கிடங்கைப் பார்த்தான். அவன் முகத்தில் வருத்தம் இல்லை.

"ட்ராஃபிக் வந்திருச்சு மச்சான். இப்ப மாடலை மாத்துறோம். சந்தா மாடல். மாசத்துக்கு ஒருதரம் கட்டணும். எத்தனை தடவை வேணா எடுத்துக்கலாம்."

"எடுத்தத எப்பத் தருவாக?"

"அடுத்தது எடுக்கணும்னா மொதல்ல எடுத்ததத் தரணும்."

"அடுத்தது எடுக்கலன்னா?"

சிவபிரகாஷ் போனில் எதையோ தட்ட ஆரம்பித்தான்.

மாலைக்குள் எழுபது பேர் சந்தாவில் சேர்ந்தார்கள். சேவுகப்பெருமாள் மைத்துனனுக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்தார். மறுநாள் பாத்திரங்களை எடுத்துவர லோடு வண்டி ஓட்டும் இருளாண்டியை அனுப்பினார். மதியத்துக்குள் வண்டி வந்துவிட்டது. அதில் இருளாண்டி மட்டும் இருந்தார்.

"அண்டா எங்கப்பா?"

"குடுக்க மாட்டேங்கிறாகண்ணே. சந்தா கட்டியாச்சாம். மாசம் முடியட்டும்ங்கிறாக."

"விசேஷந்தான் முடிஞ்சிருச்சுல்ல?"

"செக்காலை ரோட்டுல ஒரு வீட்டுல மோட்டார் ரிப்பேராம். தண்ணி புடிச்சு வச்சிருக்காக. கழனிவாசல்ல ஒருத்தரு மீனு விட்டிருக்காரு."

"மீனா?"

"வளக்குற மீனு. செவப்பா இருக்கு. நல்லா இருக்குண்ணே."

"நீ பாத்துட்டு வந்துட்டியா?"

"இன்னொரு வீட்டுல ஒரு அம்மா பேரனை உள்ள உக்கார வச்சுக் குளிப்பாட்டிக்கிட்டு இருந்தாக. சோப்புப் போட்ருந்தாக. பாதியில எப்படிக் கேக்குறது?"

அப்போது ஆச்சி போன் செய்தார்.

"போன்ல பாத்தேன். படமெல்லாம் நல்லா இருக்கு. ஆறு கிடாரமும் புக் பண்ணிட்டேன். மகனே சொல்லிட்டான், இவுக தேவகோட்டையவிடத் தெளிவா இருக்காகன்னு."

"ரொம்ப சந்தோஷம் ஆச்சி," என்றார் சேவுகப்பெருமாள். போனை வைத்துவிட்டு, படத்தில் இருந்த கிடாரங்கள் இப்போது யார் வீட்டில் இருக்கின்றன என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. புதிதாகச் செய்யச் சொன்னால் ஒரு மாதம் ஆகும். இருபதாம் தேதிக்கு ஆறு நாட்கள் இருந்தன.

"கவலையே படாதீக," என்றான் சிவபிரகாஷ். "இதுக்குன்னே ஒரு மாடல் இருக்கு."

"தம்பி, நீ ஊருக்குப் போறியா?" என்றாள் ரேணுகா.

"கேளுக்கா. மார்க்கெட்பிளேஸ் மாடல். நமக்குன்னு பாத்திரமே வேணாம். ஊர்ல சும்மா கெடக்குற பாத்திரத்த அவுகவுக படம் புடிச்சுப் போடுவாக. வேணுங்கிறவுக எடுப்பாக. நடுவுல நமக்குக் கமிஷன். ஒத்தப் பைசா முதல் கெடையாது."

சேவுகப்பெருமாள் முதன்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எங்கய்யாவும் முதல் போடாமத்தான்டா ஆரம்பிச்சாரு. கையில காலணா கெடையாது. வேட்டி துண்டோட காரைக்குடிக்கு வந்தாரு. மொத மாசமே முப்பது உருப்படி."

"எப்படி மச்சான்?"

"உழைப்பு," என்றார் சேவுகப்பெருமாள். எல்லோரும் போர்டில் இருந்த படத்தைப் பார்த்தார்கள்.

மூன்று நாட்களில் நாற்பத்தொரு பாத்திரங்களின் படங்கள் வந்து சேர்ந்தன. சேவுகப்பெருமாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். ஒன்பதாவது படத்தில் விரல் நின்றது. பெரிதாக்கினார். அண்டாவின் விளிம்பில் எழுத்து வெட்டியிருந்தது.

கருத்தையா, காரைக்குடி.

பத்தாவதிலும் அதுதான். பதினொன்றாவதில் 'கருத்' வரை தெரிந்தது. மீதியைக் கட்டைவிரல் மறைத்திருந்தது.

"முப்பத்தாறு வருஷமாத் திரும்பி வராததெல்லாம் இதுலதான் இருக்கு," என்றாள் ரேணுகா, தோளுக்குப் பின்னால் நின்று.

"திருட்டுப் பயலுக!"

"சப்ளையர்னு சொல்லணும் மச்சான்," என்றான் சிவபிரகாஷ்.

ஆறு பித்தளைக் கிடாரங்கள் ஒரே இடத்தில் இருந்தன. வலையபட்டி, காளீஸ்வரி. எல்லாம் கருத்தையாவின் பெயர் போட்டவை. பத்தொன்பதாம் தேதி காலை சேவுகப்பெருமாள் இருளாண்டியோடு வலையபட்டிக்குப் போனார்.

காளீஸ்வரி கொல்லையில் ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தாள். கிடாரங்கள் வேப்ப மரத்தடியில் கவிழ்ந்து கிடந்தன. அடியும் வயிறும் அட்டைக்கரி.

"இது எங்க கிடாரம்மா," என்றார்.

"எங்க மாமனாரு காலத்துல இருந்து இங்குட்டுத்தான் கெடக்கு."

"இங்க பாருங்க. பேரு வெட்டியிருக்கு. கருத்தையா. எங்கய்யா."

"பேரு இருக்குறவுககிட்டல்லாம் தூக்கிக் குடுத்தா எங்க வீட்டுல தட்டுகூட மிஞ்சாது. கல்யாணம் காச்சின்னா நாலு வீட்டுச் சாமான் நாலு வீட்டுக்கு மாறத்தான் செய்யும். உங்க வீட்டுல இருக்குறதெல்லாம் உங்க பேருதானா?"

"எங்க வீட்டுல அடுத்தவுக சாமான் ஒரு கரண்டி கெடையாது!" சேவுகப்பெருமாளின் குரல் உயர்ந்தது. ஆடு தழையை விட்டுவிட்டுப் பார்த்தது.

"நல்லது. இப்ப கிடாரம் வேணுமா வேணாமா?"

"வேணும்."

"அப்ப போன்ல புக் பண்ணுங்க. அதுலதான போட்டிருக்கேன். கமிஷன் உங்களுக்குத்தான வருது?"

சேவுகப்பெருமாள் வேப்ப மரத்தடியில் நின்று, தன் கடையில், தன் கிடாரங்களை, ஆறு என்று போட்டுப் பதிவு செய்தார். காளீஸ்வரியின் போன் கூவியது.

"வந்திருச்சு. தூக்கிக்கங்க," என்றாள். "அப்படியே அஞ்சு ஸ்டாரு போட்டுருங்க. ஆட்டக்கூட விட்டுட்டு உங்களக் கவனிச்சிருக்கேன்."

அவர் நான்கு போட்டார். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். ஐந்தாக்கினார்.

கிடாரங்களை ஏற்றிக்கொண்டு அவர் கடைக்குத் திரும்பினார். கடை வாசலில் இறங்கியதும் இருளாண்டியிடம் ஒரு பந்து புளியும் தேங்காய் நாரும் கொடுத்தார்.

"தேய். அடி, வயிறு, விளிம்பு, எல்லாம். எங்கய்யா பேரு பத்தடி தள்ளி நின்னாத் தெரியணும். போன்ல புக் பண்ணாலும் வர்றது யாரு பாத்திரம்னு அந்த வீட்டுல தெரியணும்ல?"

ரேணுகா வெளியே வந்து பார்த்தாள்.

"என்னங்க, மாமா கிடாரத்தோட வயித்துல கை வைக்க விடமாட்டாகளே? உள்பக்கம் தேய், விளிம்பத் தேய், வெளிய தொடாதம்பாக. ஒருதரம் நான் தேய்க்கப் போயி ரெண்டு நாள் எங்கிட்டப் பேசல."

"கரி போனா சூடு நிக்காதும்பாரு. அது அந்தக் காலம். இப்ப எல்லாத்தையும் போட்டோ எடுப்பாக."

வேலை ஒருவரால் ஆகவில்லை. சேவுகப்பெருமாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானும் உட்கார்ந்தார். சிவபிரகாஷ் தண்ணீர் ஊற்றினான். கரி அப்பளம் அப்பளமாகப் பெயர்ந்தது. பெயர்ந்ததும் அடுத்த கிடாரம். வெயில் தாழ்வதற்குள் ஆறையும் சாக்குப் போட்டு மூடி வண்டியில் ஏற்ற வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்க யாருக்கும் நேரமில்லை.

கீழச்சிவல்பட்டிப் பெரிய வீட்டின் பின்கட்டில் சமையல்காரர்கள் அடுப்பு வெட்டி வைத்திருந்தார்கள். சாக்கை எடுத்ததும் ஆறு கிடாரங்களும் மாலை வெயிலில் மின்னின. ஒரு சமையல்காரர் கையை மறைப்பாக நெற்றியில் வைத்துக்கொண்டார்.

சிகப்பி ஆச்சி வந்தார். மறுநாள் மாலை மாற்றப் போகிறவர்; கையில் மருதாணி காய்ந்துகொண்டிருந்தது.

"அடேயப்பா. படத்துல பாத்ததவிட நல்லா இருக்கே! தேவகோட்டைக்குப் போயிருந்தா ஏமாந்திருப்பேன்."

சேவுகப்பெருமாளின் இத்தனை நாள் சுமை இறங்கியது. இனி ஒன்பது வீடுகளும் எங்கும் போகாது. அவருக்குப் பேச வேண்டும்போல இருந்தது.

"இப்பப் புதுசா மார்க்கெட்பிளேஸ் மாடல்னு ஒண்ணு ஆச்சி. கையில இருந்து முதலே போட வேணாம். சென்னையில படிச்சவுக இப்பத்தான் கண்டுபுடிச்சிருக்காக. எங்கய்யா எண்பத்தொம்பதுலயே அதப் பண்ணிட்டாரு."

"கெட்டிக்காரரு," என்றார் ஆச்சி. "எங்க கல்யாணத்துல சீர்ப் பாத்திரம் வச்சிருந்த கட்டுக்குக் காவலே அவருதான். பந்தல் பிரிச்ச மறுநாள் சொல்லிக்கிட்டுப் போனாரு, காரைக்குடியில கடை வைக்கப் போறேன்னு."

"அவரு பேரு எல்லாத்துலயும் வெட்டியிருக்கு ஆச்சி. பாருங்க."

ஆச்சி மருதாணிக் கை படாமல் குனிந்தார். மூக்குக் கண்ணாடியை மணிக்கட்டால் தள்ளி ஏற்றிக்கொண்டார். விளிம்பைப் படித்தார். பிறகு இன்னும் கொஞ்சம் குனிந்து, புளி போட்டுத் தேய்த்த வயிற்றைப் படித்தார். அடுத்த கிடாரத்துக்கு நகர்ந்து அதையும் படித்தார். ஆறாவது வரை போனார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் கோபம் இல்லை. சிரிப்பை அடக்குவதுபோல இருந்தது.

"சேவுகப்பெருமாளு, கருத்தையாவுக்குக் கீழ எம் பேரும் எங்க கல்யாணத் தேதியும்ல வெட்டியிருக்கு. இது எந்த மாடலு?"