எட்டுக் கம்ப்யூட்டர்களும் ஒரு பட்டியலும்

பாறசாலை
செவ்வாய்க்கிழமை காலை

என் அன்பு மருமகன் ஸ்ரீகுமாருக்கு,

மாமா காந்திமதிநாதன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே உன் அத்தை சண்முகவடிவு சுகம், முற்றத்து வாழை சுகம், என் ரத்த அழுத்தம் ஒன்றைத் தவிர வீட்டில் எல்லாம் சுகம். பெங்களூரில் நீயும் மஞ்சுவும் குழந்தையும் அப்படியே இருக்க வேண்டும். வாட்ஸாப் இருக்கும்போது மாமா ஏன் தபாலில் எழுதுகிறார் என்று நினைப்பாய். வாட்ஸாப்பில் உனக்கு அனுப்புவதை உன் அம்மா எப்படியோ வாசித்துவிடுகிறாள். அவள் வாசித்தால் சாயங்காலத்துக்குள் நெய்யாற்றின்கரை வரைக்கும் தெரிந்துவிடும். இது தெரியக் கூடாத விஷயம்.

உன் கம்பெனியில் கழித்த எட்டுக் கம்ப்யூட்டர்களை நம் வாசகசாலைக்கு வாங்கி அனுப்பினாயே, நல்ல மனசுதான், குறை சொல்லவில்லை. ஆனால் அவற்றோடு எனக்கு இந்தக் கன்வீனர் பதவியும் வந்து சேர்ந்தது. உதியன்குளங்கரையில் சர்வீஸ் கடை வைத்திருக்கும் ரெஜிலாதான் இயங்குதளத்தைப் பதிந்து தருகிறாள். அவள் முதல் நாளே ஒரு நீளமான பட்டியலைக் கையில் தந்து, “சாரே, மிஷினு பழசாக்கும், உள்ள இடம் குறைவு. இங்க நெட்டும் இல்ல. இப்ப என்னெல்லாம் கூட வைக்கோமோ அதுதான் இருக்கும், பொறவு ஒண்ணும் எறக்க முடியாது. எது வேணும், எது வேண்டாம்னு குறிச்சுத் தாருங்க” என்றாள். நூற்று நாற்பது பெயர். எனக்குத் தெரிந்தது கால்குலேட்டர் ஒன்றுதான். ஆகவே கமிட்டி போட்டேன். அதுதான் என் முதல் தப்பு.

கமிட்டியில் என்னோடு இரண்டு பேர். ஆரியங்கோட்டில் ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் எலியா, சபையில் மூப்பர், நல்ல மனிதர், ஆனால் சொன்ன சொல்லிலிருந்து இறங்கமாட்டார். மற்றவர் பூவாறில் சுற்றுலாப் படகு விடும் சுனில்குமார். முதல் கூட்டத்தில், திறந்தவுடன் திரையில் தமிழ் வர வேண்டுமா மலையாளம் வர வேண்டுமா என்று ஒன்றரை மணி நேரம் பேசினோம், தமிழுக்காகப் பேசியவர் மலையாளத்தில் பேசினார், மலையாளத்துக்காகப் பேசியவர் தமிழில் பேசினார், கடைசியில் இரண்டும் என்று முடிவாயிற்று. அப்புறம் எலியா, உள்ளே டீமன் என்று ஏதோ ஓடுவதாகக் கேள்விப்பட்டு எழுந்து நின்றுவிட்டார். “பிசாசெ உள்ள வச்சுகிட்டா நாம பிள்ளையளெ வாசிக்க விளிக்கப் போறோம்?” என்று கேட்டார். ரெஜிலா, “அண்ணாச்சி, அது பின்னால ஓடுத ஒரு புரோகிராமுக்கெ பேரு மட்டும்தான், அதெ எடுத்தா மிஷினே ஓடாது” என்று கெஞ்சினாள். “அப்படின்னா பேரெ மாத்து” என்று அவர் உட்கார்ந்தார். சுனில்குமாருக்குப் படகுப் படங்களைத் திருத்த ஒரு பெரிய சாமான் வேண்டும், எலியாவுக்கு முழு வேதாகமமும் ஒலிவடிவில் வேண்டும், அவருக்கு அது உண்டென்றால் நான் சும்மா இருப்பேனா, தேவாரம் முழுக்க ஓதுவார் குரலில் வேண்டும் என்றேன். இடம் நிரம்பிவிட்டது. சரி, மிச்சத்தில் தேவையற்றதை எடுப்போம் என்று உட்கார்ந்தோம்.

இங்கேதான் வினை. தாலுகா ஆபீஸில் முப்பத்தொரு வருடம் கோப்பு பார்த்தவன் அல்லவா, நான் ஒரு விதி எழுதினேன்: ஒரு பெயரை வாசிக்கும்போது யாரும் வேண்டும் என்று கேட்காவிட்டால் அதை அடித்துவிடுவது. வேகமாகப் போயிற்று. ஸ்கிரீன் ரீடர் என்று ஒன்று வந்தது. ரெஜிலா, “இது திரையில உள்ளதெ வாசிச்சுச் சொல்லும் சாரே, கண்ணு காணாதவங்களுக்கு உள்ளது. தமிழ்க் குரலும் கூட உண்டு” என்றாள். எலியா, “சத்தம் போடாதீர்னு நாமதான் எழுதி ஒட்டியிருக்கோம். மிஷினு மட்டும் சத்தம் போட்டா கொள்ளாமா?” என்றார். சுனில்குமார், “கண்ணு காணாதவங்க யாரு இங்க வாறா?” என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததோடு நிற்காமல், ‘தேவைப்படுவோர் பின்னர் பதிந்துகொள்ளலாம்’ என்று மினிட்ஸ் புத்தகத்தில் என் அழகான கையெழுத்தில் எழுதினேன்.

போன சனிக்கிழமை சோதனைக்காக வாசகசாலையைத் திறந்து வைத்திருந்தோம். காரக்கோணத்திலிருந்து ஒரு ஆட்டோ வந்து நின்றது. இறங்கியது ரத்னபாய் டீச்சர். உனக்குத் தெரியாது, நம் பக்கத்துப் பள்ளியில் தமிழ் சொல்லித் தந்தவர், சர்க்கரை வியாதியில் நாலு வருடமாகக் கண் இரண்டும் போய்விட்டது. யாருக்கும் அனுமதி உண்டு என்று சபையில் அறிவித்ததைக் கேட்டு வந்திருக்கிறார். கையில் புதிதாக வாங்கிய ஹெட்ஃபோன், அட்டைப்பெட்டி கூடப் பிரிக்கவில்லை. உட்கார்ந்தார், விசைகளைத் தடவினார், மகன் வீட்டில் பழகியிருக்கிறார் போல, மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினார். காத்திருந்தார். மறுபடி அழுத்தினார். “சாரே, இது பேசல்லியே?” என்றார். ரெஜிலா என்னைப் பார்த்தாள். நான், “டீச்சர், அது… தேவைப்பட்டவங்க பொறவு பதிஞ்சுக்கலாம்னு தீர்மானம்” என்றேன். டீச்சர் கோபமே இல்லாமல், “எப்படிப் பதிவேன் சாரே? நான் பதியணும்னா அது பேசணும். அது பேசணும்னா பதிஞ்சிருக்கணும்” என்றார். ஹெட்ஃபோனைப் பெட்டிக்குள் வைத்து, மூடியைத் தடவி மூடி, “சரி, நான் வாறேன்” என்று எழுந்தார். படியிறங்கக் கை கொடுத்தேன். வேண்டாம் என்றார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. “மினிட்ஸ்ல எழுதினதெ அடிச்சு எழுதினா கையா ஒடிஞ்சிரும்?” என்கிறாள் உன் அத்தை. அவளுக்குக் கமிட்டி நடைமுறை தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை அவசரக் கூட்டம் கூட்டினேன். அதைத் திரும்ப வைக்க வேண்டும் என்பதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. எதை எடுத்து இடம் ஒதுக்குவது என்றபோதுதான் மூன்று பேரும் கூரையைப் பார்த்தோம். எலியா, “நீரு கன்வீனரு, நீரு முதல்ல தேவாரத்தெ எடும், நான் பொறவு யோசிக்கேன்” என்றார். அப்போதே எடுத்திருக்கலாம். அவர் சொல்லி நான் எடுத்தால் என் மரியாதை என்ன ஆவது என்று, “வேதாகமம்தான் பெருசு, அது முதல்ல போகட்டும்” என்று சொல்லிவிட்டேன், மருமகனே. சொன்ன வாய் இன்னும் கசக்கிறது. சுனில்குமார் படகுக்கு ஆள் வந்துவிட்டது என்று போய்விட்டார். கூட்டம் கலைந்தது.

அடுத்த வாரம் திறப்பு விழா. சனிக்கிழமைக்குள் ரெஜிலாவுக்குக் கடைசிப் பட்டியல் வேண்டும். ஆகவே நீ எனக்கு ஒன்று செய்ய வேண்டும். உன் கம்பெனிக் காகிதத்தில், ஸ்கிரீன் ரீடர் இல்லாத இடத்தில் எங்கள் கம்ப்யூட்டர் இருக்கக் கூடாது, தேவாரம், வேதாகமம், படகுப் படச் சாமான் மூன்றையும் உடனே எடுக்க வேண்டும், தவறினால் எட்டையும் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று கடுமையாக ஒரு கடிதம் எழுதி, சீல் வைத்து அனுப்பு. சீல் இல்லாவிட்டால் எலியா நம்பமாட்டார். கடிதத்தில் என்னையும் நாலு வார்த்தை திட்டியிரு. நான் சொல்லி எழுதினாய் என்று செத்தாலும் வெளியே விடாதே. பொய்தான், தெரிகிறது. மூன்று வயசாளிகள் மரியாதையோடு பின்வாங்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

குழந்தைக்கு முத்தம். மஞ்சுவிடம் மாமா விசாரித்ததாகச் சொல். காந்திமதியம்மையும் நெல்லையப்பரும் உங்கள் மூவருக்கும் துணை இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் மாமா
காந்திமதிநாதன்

பின்குறிப்பு, வியாழக்கிழமை: மேலே எழுதிய எதையும் செய்யாதே. செவ்வாய்க்கிழமையே இதைப் போடத் தபாலாபீசுக்குப் போகிற வழியில் ரெஜிலா கடையில் எலியா உட்கார்ந்திருப்பதைக் கண்டேன். பட்டியலில் வேதாகமத்தை அவரே அடித்துவிட்டிருந்தார். “எனக்கெ போன்ல அது உண்டு சாரே. டீச்சருக்குப் படிக்கதுக்கு வேற என்ன உண்டு?” என்றார். நான் சட்டைப்பையிலிருந்த இந்தக் கடிதத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, பேனாவை வாங்கித் தேவாரத்தை அடித்தேன். கை ஒடியவில்லை. சுனில்குமார் மட்டும் படகை எடுக்கவில்லை, அதற்கும் இடம் இருந்துவிட்டது. நேற்று டீச்சர் வீட்டுக்கு நானும் எலியாவும் நேரில் போய் மன்னிப்புக் கேட்டு அழைத்து வந்தோம். கம்ப்யூட்டர் பேசியது. டீச்சர் அரைமணி நேரம் அசையாமல் கேட்டார். எங்களுக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு ஹெட்ஃபோனைக் கழற்றி, “தமிழெ இப்படியா கொல்லது? ழகரம் ஒண்ணுகூட வரல்ல. இதெ உண்டாக்கினவனுக்கு யாரு படிப்பிச்சது?” என்று கேட்டார். தப்பாக உச்சரிக்கும் சொற்களை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியது பதினொரு பக்கம், இத்துடன் இணைத்திருக்கிறேன். உன் கம்பெனியில் யாரிடமாவது கொடுத்துத் திருத்தச் சொல். முதலில் என் பெயரைத் திருத்தச் சொல், அதில் உள்ள காந்தியை மகாத்மா காந்தி மாதிரியே கூப்பிடுகிறது.