சந்திரா முழுமையாகக் கற்ற சொல்

ஒரு குழந்தைக்கு ஒரு வாய்தான் இருக்கிறது. ஆகவே அதற்கு ஒரு மொழிதான் இருக்க வேண்டும் என்ற மகத்தான உண்மை 1959ஆம் ஆண்டு ஜூலை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குப் பேரணாம்பட்டில் கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்தவர் பாலர் பள்ளிகளின் மேற்பார்வையாளர் சுந்தரமூர்த்தி. அதை உடனிருந்து பார்க்கும் பாக்கியம் பெற்றவள் பள்ளியின் ஒரே டீச்சரான கமலவேணி. அவளுடைய வேலை நிரந்தரமாவது அவர் எழுதும் அறிக்கையைப் பொறுத்தது. அதனால் அந்த உண்மை அவளுக்கு உடனே விளங்கிவிட்டது.

அதற்கு முன் ஊரில் நிலவிய இருட்டைச் சொல்லி முடியாது. நாலு வயதுச் சந்திராவையே எடுத்துக்கொள்ளலாம். அப்பா தணிகைவேலுக்குத் தோல் கம்பெனியில் வேலை, அவரிடம் தமிழ். அம்மா ரங்கம்மாள் எல்லைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரி, அவளிடம் தெலுங்கு. அம்மா பீடி சுற்றும் நேரமெல்லாம் குழந்தையை வைத்துக்கொள்பவள் பக்கத்து வீட்டு ஹலீமா பீ, அவளிடம் உருது. தாகமெடுத்தால் அப்பாவிடம் தண்ணி, அம்மாவிடம் நீள்ளு, ஹலீமா பீயிடம் பானி. மூன்று பேரும் கொடுத்தது ஒரே கிணற்றுத் தண்ணீர். இதில் தவறு இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. அவ்வளவு இருட்டு.

அந்தச் செவ்வாய்க்கிழமை சுந்தரமூர்த்தி, பால் ஜாஸ்தியாகவும் சர்க்கரை கம்மியாகவும் டீ கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, சந்திராவை அழைத்து மூன்று விரல்களைக் காட்டினார்.

"இது எத்தினி, கண்ணு?"

சந்திரா விரல்களை நிதானமாகப் பார்த்தாள். "மூடு" என்றாள்.

இருபத்திரண்டு வருஷ சர்வீஸில், அரக்கோணத்திலிருந்து கலவை வரை, யாரும் அவரை அப்படிச் சொன்னதில்லை.

"என்னையா சொல்லுது?"

"இல்ல சார். தெலுங்குல மூணுன்னா மூடு. அவங்கம்மா அப்டித்தான் எண்ணுவாங்க. சரியாத்தான் சொல்லிச்சு."

"மேலதிகாரியப் பாத்து மூடுங்குது. நீங்க சரின்றீங்க."

கமலவேணி காலி டீ டம்ளரை எடுத்துக்கொண்டாள். தினமும் சாயங்காலம் வீட்டுக்கு அனுப்புமுன் குழந்தைகளை அவளே தெலுங்கில்தான் எண்ணுவாள். ஒகடி, ரெண்டு, மூடு. குடியாத்தத்தில் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் அம்மா அப்படித்தான் நூலை எண்ணினாள். ஆனால் அவள் எண்ணுவது மனசுக்குள். மனசுக்குள் இருப்பதற்கு அவர் கொண்டுவரும் படிவத்தில் கட்டம் கிடையாது.

மறுநாளே பெற்றோரை அழைத்தார்கள். படிவத்தில் 'தாய்மொழி' என்று ஒரு கட்டம் இருந்தது, ஒரு சொல் மட்டும் கொள்ளும் அளவில்.

"தாய்மொழின்னா என் மொழிதானே சார்? தெலுங்குன்னு போட்டுக்கங்க" என்றாள் ரங்கம்மாள்.

"தாய்மொழின்னா கொழந்தையோட தகப்பனார் மொழிம்மா" என்று சுந்தரமூர்த்தி பொறுமையாக விளக்கினார்.

"அப்ப பெத்தவ?"

"பெத்ததோட சரி."

தணிகைவேல் தலையைச் சொறிந்தார். "பாப்பா மூணுலயும் சண்டை போடும் சார். மூணுலயும் பாடும். இன்னா நஷ்டம்?"

"குழம்பிடும்."

"எது சார், பாப்பாவா?"

"ரிப்போர்ட்டு."

அழைக்கப்படாமல் வந்திருந்த ஹலீமா பீ வாசல்படியில் நின்றபடி, "நான் இன்னா செய்றது சாப்?" என்று கேட்டாள்.

"நீங்க கொழந்தைகிட்ட பேசக்கூடாது."

"பேசாம எப்டி சோறு ஊட்றது?"

"ஜாடையா ஊட்டுங்க."

கலப்பு நிற்காவிட்டால் ஒண்ணாங்கிளாஸில் சேரச் சான்றிதழ் கிடையாது என்று சொல்லிவிட்டு அவர் பஸ் ஏறினார்.

கமலவேணி உத்தரவை மனசாட்சியோடு நிறைவேற்றினாள். சந்திரா பானி என்றால் உதட்டில் விரல் வைத்து, "வாய மூடு" என்றாள். நீள்ளு என்றாலும் அதே. முதல் வாரம் குழந்தை சிரித்தது. மூடு என்ற சொல் வரும்போதெல்லாம் மூன்று விரல்களை நீட்டிக் காட்டியது. இரண்டாவது வாரம் விரல்களை மடக்கிக்கொண்டது. எல்லாம் குழந்தையின் நன்மைக்குத்தான் என்று கமலவேணி தினமும் தனக்குள் சொல்லிக்கொண்டாள். அதைச் சொல்லும்போது மட்டும் அவளுக்குத் தமிழ் மிகச் சுத்தமாக வந்தது.

செப்டம்பரில் ரங்கம்மாள் பள்ளிக்கு வந்தாள். கைவிரல்களில் பீடித்தூள் அப்படியே இருந்தது.

"டீச்சர், பாப்பா வூட்லயும் பேசறதில்ல. தாகம்னா சொம்பக் காட்டுது. நான் தெலுங்குல ஏதாச்சும் கேட்டா ஓடியாந்து என் வாயப் பொத்துது."

"அப்பாகிட்டயாவது தமிழ்ல பேசுதா?"

"அவரு வாயையும்தான் பொத்துது."

அன்று எல்லோரும் போனபிறகு கமலவேணி சந்திராவின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். ஒரு விரலை நீட்டி, முதல் முறையாக வாய்விட்டு, "ஒகடி" என்றாள். இரண்டாவதை நீட்டி, "ரெண்டு" என்றாள். மூன்றாவதை நீட்டிவிட்டுக் காத்திருந்தாள். குழந்தை அவளைப் பார்க்கவில்லை. மேற்பார்வையாளர் வருகிறாரா என்று வாசலைப் பார்த்தது.

அக்டோபரில் அவர் வந்தார். டீ வந்தது. மூன்று விரல்கள் நீண்டன.

"இது எத்தினி, கண்ணு?"

சந்திரா விரல்களை நிதானமாகப் பார்த்தாள். பிறகு தன் உள்ளங்கையால் வாயை அழுத்தி மூடிக்கொண்டாள்.

சுந்தரமூர்த்தி உருகிப்போனார். "பாருங்க. தெலுங்கு இல்ல, உருது இல்ல. ஒரு பிழைகூட இல்ல." தமிழின் தூய்மை காக்கப்பட்ட விவரத்தை அங்கேயே இங்கிலீஷில் எழுதினார். பிறகு படிவத்தை டீச்சர் பக்கம் தள்ளினார். "உங்க வேலை நிரந்தரம்னு எழுதிட்டேன். மிச்சம் ரெண்டு கட்டம் நீங்க நிரப்பணும். 'குழந்தை முழுமையாகக் கற்ற தமிழ்ச் சொல்.' ஏதாவது ஒண்ணு போடுங்க."

கமலவேணி எழுதினாள். அவர் எட்டிப் பார்த்தார்.

"மூடு. இது அந்தத் தெலுங்காச்சே?"

"இல்ல சார். இப்ப தமிழ்தான்."

அவர் திருப்தியாகத் தலையசைத்தார். அடுத்த கட்டம் 'கற்பித்தவர்.' அதில் அவள் தன் பெயரைப் பிழையில்லாமல் எழுதினாள்.