கைக்குட்டையில் விழுந்த கிருமி

கொள்ளைநோய் வந்தாலும் வந்தது, மூச்சு மாமணிக்கு யோகம் அடித்தது. பட்டத்தைத் தந்தது யார் என்று கேட்காதீர்கள்; அவரே தந்து, அவரே பெற்றுக்கொண்டார். அவருடைய மூலிகைச் சுருட்டை இழுத்து வெள்ளைக் கைக்குட்டையில் ஊதினால், நுரையீரலில் ஒளிந்திருக்கும் கிருமி பழுப்புக் கறையாக வந்து விழுமாம்! ஆறடி தள்ளி நிற்க வேண்டிய ஊர் அவர் மேஜை முன்னால் முண்டியடித்தது.

எதிரே இருந்த ஆரம்பச் சுகாதார நிலையத்தில் நர்ஸ் பல்லைக் கடித்தாள். முன்பெல்லாம் வருகிற எல்லாரிடமும், "புகை பிடிப்பீங்களா? விட்டுடலாமா?" என்று கேட்டு எழுதுவாள். நோய் வந்ததும் புதுப் படிவம் வந்தது. காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா, அவ்வளவுதான். நுரையீரலைத் தின்கிற நோய் வந்த நேரம் பார்த்துப் புகையிலைக் கேள்வியை நீக்கிய மேலிடத்து மூளையை என்னென்பது! படிவத்தில் இல்லையே என்று அவளும் கேட்பதை விட்டுவிட்டாள்.

அன்று அந்த வரிசையில் தன் அண்ணன் சுருட்டும் கையுமாக நிற்பதைப் பார்த்ததும் அவள் வெளியே ஓடினாள். லாரி ஓட்டுகிறவன். மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் கிடந்து, படாதபாடு பட்டு சிகரெட்டை விட்டு மூன்று வருஷம். மறுபடி தொட்டால் அவன் நுரையீரல் தாங்காது.

"அண்ணா, அதைக் கீழ போடு!"

"சும்மா இரும்மா. இது மருந்து. கெடுதலா இருந்தா நீங்க கேட்டிருக்க மாட்டீங்களா? இப்பல்லாம் புகை பிடிப்பீங்களான்னு யாரையும் கேக்கறதே இல்லையே!"

அவளுக்குச் சுருக்கென்றது. உள்ளே ஓடி, காது கழுவும், வாய் வைத்த ரப்பர் பந்தோடு வந்தாள். அண்ணன் கையிலிருந்த சுருட்டைப் பிடுங்கி, அமுக்கிய பந்தின் வாயில் செருகினாள்.

"ஐயா, கொஞ்சம் பத்த வைங்க."

பந்துக்கும் பக்தி வந்துவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, மாமணி பற்றவைத்தார். அவள் பிடியைத் தளர்த்தினாள். பந்து புகையை உறிஞ்சியது. சுருட்டை உருவிவிட்டு, பந்தின் வாயைக் கைக்குட்டையில் வைத்து அமுக்கினாள். இப்படி நாலு தடவை. பளிச்சென்று பழுப்புக் கறை!

"இந்தப் பந்துக்கு எப்ப தொற்று வந்துச்சு, ஐயா?"

"அது வந்து... பந்துக்கு ஏதோ தோஷம்..."

அண்ணன் சுருட்டைப் பிரித்து மோந்து பார்த்தான். "அடப்பாவி! அத்தனையும் புகையிலை! என்னைக் கொல்லப் பார்த்தியேடா!"

மாமணி முகக்கவசத்தைக் கண்வரை ஏற்றிக்கொண்டு ஓட்டம் பிடித்தார். அண்ணன் மீதிச் சுருட்டுகளைச் சாக்கடையில் கொட்டினான். நர்ஸுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

கூட்டத்திலிருந்து ஒருவர் பயபக்தியோடு நெருங்கினார். "நர்ஸம்மா, அந்தப் பந்து எங்க கிடைக்கும்? வீட்டுக்கு ஒண்ணு வாங்கி வெச்சா தொற்று அண்டாதுல்ல?"

"தோளுக்கு மேல ஒண்ணு சும்மாதானே கிடக்கு?" என்றாள் நர்ஸ். "மொதல்ல அதைப் பயன்படுத்துங்க!"